ஜெயசீலியின் பாதி விடை

ஜெயசீலி அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்த காலத்தில் எதிர்வீட்டு வஜீதா காலாவுக்கு வராத வியாதி கிடையாது. காலா என்றால் உருதுவில் சித்தி. ஒரு நாள் நெஞ்சுவலி வந்து இடது தோளைப் பிடித்துக்கொள்வாள். மறுநாள் பிள்ளை பெற்று ரத்தப்போக்கு நிற்காமல் கிடப்பாள். அறுபதை நெருங்குகிற வயதில் அது அவளுக்கே சிரிப்பாக இருக்கும். நடுவில் ஒரு வாரம், சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிற மனநோயாளியாகக்கூட இருந்து பார்த்தாள். எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கும். மடியில் ஷூவின் மேல்பாகம் இருக்கும், அதற்கு ஆம்பூரில் அப்பர் என்று பெயர். மெழுகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "சொல்லு சீலி, இன்னிக்கு எனக்கு இன்னா நோவு?" என்பாள்.

அந்தத் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் அப்பர் தைத்தார்கள். ஏஜென்ட் காலையில் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தைத்ததை எடுத்துக்கொண்டு போவார். வஜீதா காலாவின் மகன் சுஹேல் அகமது அதே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா தைக்க வேண்டாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். சும்மா உட்கார்ந்தால் மருமகள் ஹுமேராவோடு சண்டைதான் வரும், ஊசி கையில் இருந்தால் வாய் கம்மியாகப் பேசும் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஜெயசீலி ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அப்பா ஆபேல் தோல் மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அம்மா இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரயிலேறிக் காட்பாடிக்குப் போவாள். அங்கே நத்தானியேல் சார் ஒரு மாடி அறையில் பரீட்சைக்குப் பாடம் நடத்தினார். வியாதியைப் பற்றித் தெரியுமா என்று இந்தப் பரீட்சை கேட்காது, அது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் கேள்வியே ஆரம்பிக்கும் என்பார் அவர். நாலு நோயாளிகளில் யாரிடம் முதலில் போவாய், போனதும் முதலில் என்ன செய்வாய், என்ன பேசுவாய். ஜெயசீலிக்கு முதல் இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம் என்று வரிசை தப்பாமல் பிடித்துவிடுவாள். பேச்சில்தான் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் சறுக்கினாள்.

காரணம் வார்டு. வார்டில் நர்ஸ் பேசுகிற பேச்சே வேறு. மாத்திரை போட்டியா இல்லியா, எழுந்து நட, ஊர்க்கதை பேசாதே. அதட்டினால்தான் நோயாளிக்கும் நம்பிக்கை வரும். அமெரிக்கப் பரீட்சையில் அதட்டினால் மார்க் இல்லை. கொடுத்திருக்கும் விடைகளில் புத்திமதி சொல்கிறதை அடி, ஏன் என்று கேட்கிற விடையை அடி, கவலைப்படாதே என்கிற விடையை அடி என்று நத்தானியேல் சார் மூன்று கட்டளை கொடுத்திருந்தார். மிச்சம் நிற்பது நோயாளியின் மனதைத் திறக்க வைக்கிற விடை. அதை வாயில் பழக்க ஒரு நோயாளி தேவைப்பட்டாள். வஜீதா காலா கிடைத்தாள்.

நாளைக்கு ஆபரேஷன், பயமாக இருக்கிறது என்று ஒரு நோயாளி சொல்கிறாள், நர்ஸ் என்ன சொல்ல வேண்டும் என்று ஜெயசீலி ஒருமுறை அவளிடமே கேட்டுப் பார்த்தாள்.

"பயப்படாதே, அல்லா இருக்கான்னு சொல்லு."

"தப்பு காலா."

"அல்லா இருக்கறது தப்பா?"

"பரீட்சையில தப்பு. ஆபரேஷனைப் பத்தி உங்களுக்கு இன்னா பயம்னு கேக்கணும்."

"பயமா இருக்குதுன்னு சொன்னவ கிட்டயே இன்னா பயம்னு கேப்பியா. இதுக்கு அங்க சம்பளம் வேற தர்றானா," என்று காலா நூலை இழுத்தாள்.

வஜீதா காலாவுக்கு நடிப்புக்கு வெளியே நிஜமாகவும் ஒரு வியாதி இருந்தது. சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டாள். வயிற்றில் எங்கே குத்த வேண்டும், இடத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே ஜெயசீலிதான். சிறுநீரகமும் கொஞ்சம் கெட ஆரம்பித்திருந்தது. அதனால் முந்தின வருஷம் டாக்டர் நோன்பு கூடாது என்று சொல்லிவிட்டார். வைக்க முடியாத நோன்புகளுக்கு ஈடாக ஏழைகளுக்குச் சாப்பாடு தர வேண்டும் என்பது முறை. சுஹேல் அதற்கான பணத்தைப் பள்ளிவாசலில் பொறுப்பாகக் கட்டி முடித்துவிட்டான். ஆனால் அந்த ஒரு மாதமும் பேரப்பிள்ளைகள்கூட வாயில் எச்சில் விழுங்காமல் சுற்றிவர, காலா சமையலறைக் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றபடி இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டாள். திருடித் தின்னுற மாதிரி இருந்துச்சி என்று ஜெயசீலியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த ரம்ஜானுக்குப் பிறை பார்க்கச் சில நாட்களே இருந்தன. மத்தியான டூட்டிக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெயசீலி வாசலைத் தாண்டும்போது காலா கூப்பிட்டாள். தையல் நின்றிருந்தது.

"சீலி, இந்த வருஷம் நோன்பு வைக்கட்டுமா?"

ஜெயசீலிக்குப் பதில் தெரியும். ஒரே சொல். வார்டில் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போகிற சொல். அது நாக்குவரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஒருத்தி, முசல்மான் வீட்டு வாசலில் நின்று நோன்பு வைக்காதே என்று சொல்வதா. ஹுமேரா உள்ளேயிருந்து கேட்டால் என்ன நினைப்பாள், தெரு என்ன பேசும். அந்தத் தயக்கத்துக்குள் பழகிய வாக்கியம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"நோன்பு உங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு தெரியுது காலா. அதைப் பத்தி உங்க மனசுல இன்னா ஓடுது?"

காலா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். இது பாடமா நிஜமா என்று பார்த்திருக்கலாம். பிறகு மனதில் ஓடியதையெல்லாம் சொன்னாள். இட்லி, கதவு, பேரப்பிள்ளைகள், எல்லாம். உடம்பு இப்போது பரவாயில்லை என்றாள். மனசு வைக்கணும்னுதான் சொல்லுது என்று முடித்தாள். ஜெயசீலிக்கு ஷேர் ஆட்டோ வரும் நேரம்.

"முடிவு உங்களோடது காலா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆட்டோவில் உட்கார்ந்து அவள் தனக்கு மார்க் போட்டுக்கொண்டாள் என்பதுதான் பிற்பாடு அவளால் தாங்க முடியாமல் போனது. யோசிக்காமலே வந்துவிட்டது, கடைசியில் பேச்சு பிடிபட்டுவிட்டது என்று அன்று சந்தோஷமாக இருந்தது. அந்தத் தெருவில் ஒரு நர்ஸ் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். அது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் பிறந்து வளர்ந்த தெரு.

காலா நோன்பு வைத்தாள். விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டோடு வழக்கமான காலை இன்சுலினை அளவு குறைக்காமல் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் அந்த மருந்து சாப்பாட்டைத் தேடி உடம்பில் அலையும். சாப்பாடு வராது. நோன்பு பிடிப்பவர்களுக்கு மருந்தை மாற்றி அமைக்க வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், காலாவைப் போன்றவர்களுக்கு மாற்றினாலும் ஆபத்து என்று ஜெயசீலி படித்திருந்தாள். அந்த வாரங்களில் வாசலில் பார்க்கும்போது எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். ஜம்முனு இருக்கேன் என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

நோன்பு பாதி கடந்த ஒரு சாயங்காலம் ஹுமேராவின் குரல் தெருவைக் கிழித்தது. ஜெயசீலி வீட்டில்தான் இருந்தாள், ஓடினாள். காலா அடுப்படியில் சரிந்து கிடந்தாள். நோன்புக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தவள், பானையோடு விழுந்து வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்திருந்தது. மத்தியானத்திலிருந்தே பேச்சு குழறிச்சி, காரணமில்லாம கத்தினாங்க, நோன்புக் களைப்புன்னு விட்டுட்டேன் என்று ஹுமேரா அழுதாள். அழுதபடியே ஒரு டம்ளர் சர்பத்தை மாமியார் வாயில் சாய்க்கப் போனாள். பக்கத்து வீட்டம்மா பற்பசையைக் கையெல்லாம் பிதுக்கப் போனாள்.

ஜெயசீலி இரண்டையும் தட்டிவிட்டாள். நினைவில்லாதவள் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகும். மூச்சு பார்த்தாள், காலாவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள். உடம்பு நனைத்துப் பிழிந்த துணி மாதிரி வியர்த்திருந்தது. மருந்துப் பெட்டியிலிருந்து சர்க்கரை மீட்டரை எடுத்து, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், அளக்க முடியாத அளவு குறைவு என்று மட்டும் காட்டியது. வெந்த கையில் ஒன்றும் தடவாமல் ஆட்டோ வரும்வரை பச்சைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இரு என்று ஹுமேராவிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏறியதும் காலா கண்ணைத் திறந்தாள்.

முதலில் எது, அடுத்து எது என்ற வரிசையில் ஜெயசீலி அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

சுஹேல் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட வந்து சேர்ந்தான். அம்மா பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்தபிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. டாக்டர் அத்தனை சொல்லியும் நோன்பு வைக்கலாம்னு யார் சொன்னது என்று கட்டிலருகில் நின்று கேட்டான். காலா பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி விழித்தாள்.

"நானா வைக்கலடா. சீலி கிட்ட கேட்டுட்டுதான் வச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள். சுஹேல், ஹுமேரா, டிரிப் சரி பார்த்துக்கொண்டிருந்த சக நர்ஸ், வாசலில் நின்ற இன்சார்ஜ் சிஸ்டர். அது அவள் வேலை பார்க்கிற வார்டு. இன்னும் சில மாதத்தில் பரீட்சை. நன்னடத்தைக் கடிதத்துக்கு இதே இன்சார்ஜிடம்தான் நிற்க வேண்டும்.

"நான் வைக்கச் சொல்லலையே," என்றாள் ஜெயசீலி. "நீங்க முடிவு பண்ணுங்கன்னுதான் சொன்னேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. காலா அவளைப் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா. அது ஒண்ணும் சொல்லல. நானாத்தான் வச்சேன்."

சுஹேல் ஜெயசீலியிடம் மன்னிப்பு கேட்டான். நீங்க இல்லன்னா இன்னிக்கு எங்கம்மா இல்ல சிஸ்டர் என்று கும்பிட்டான். அந்தக் கும்பிடு அவள் மேல் பற்பசை மாதிரி அப்பிக்கொண்டது.

சர்க்கரைக்காரியின் காயம் சீக்கிரம் ஆறாது. டூட்டிக்கு முன்னும் பின்னும் ஜெயசீலிதான் கட்டு மாற்றினாள். செத்த தோலை நீக்கி, மருந்து வைத்து, விரல்கள் ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகத் துணி சுற்றினாள். ஏஜென்ட் மூட்டையை வேறு வீட்டில் போடத் தொடங்கினார். காயம் ஆறியபிறகும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுதாகச் சேரவில்லை. ஊசி பிடிக்க அந்த இரண்டும்தான் வேண்டும். பந்தை அழுத்துங்க காலா, இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று ஜெயசீலி பயிற்சி கொடுத்தாள். வலியில் காலா உருதுவில் திட்டுவாள், பிறகு தமிழில் சிரிப்பாள். ஒரு நாள்கூட அந்தக் கேள்வியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்னிக்கு எனக்கு இன்னா நோவு என்று கேட்பதை மட்டும் விடவில்லை. இன்னிக்குப் பாடம் இல்ல காலா என்று ஜெயசீலி ஒவ்வொரு தடவையும் நழுவினாள். நிஜமாகவே நோயாளியாக்கிவிட்டவளை எப்படித் திரும்ப நடிக்கச் சொல்வது.

மனதுக்குள் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு பரீட்சைதான். பாடத்தில் சொன்னபடிதானே பேசினேன், பாடம்தான் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, யாரோ ஒரு நோயாளி கேட்ட மாதிரி நத்தானியேல் சாரிடம் கேட்டாள். இன்சுலின் போடுகிறவர் விரதம் இருக்கட்டுமா என்கிறார், மனதில் இருப்பதைக் கேட்டுவிட்டு முடிவு உங்களோடது என்று சொல்வது சரியான விடைதானே.

"முதல் பாதி சரிம்மா," என்றார் அவர். "கேக்கறது எதுக்கு? அவங்க மனசு தெரிஞ்சா, ஆபத்து இன்னான்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றதுக்கு. சொல்லிட்டு, டாக்டர் கிட்ட அனுப்பறதுக்கு. ஒண்ணுமே சொல்லாம முடிவு உங்களோடதுன்னா அது பேஷண்டை அம்போன்னு விடறது. அந்த ஆப்ஷனை நான் முதல்ல அடிப்பேன்."

வகுப்பு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது பிடித்திருந்த கொம்பும் கையில் இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். விடைக்குக் கீழே விளக்கத்தில் அதேதான் இருந்தது. பயத்தில் பாதி விடையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பாடத்தின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெங்களூருக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். தேறிவிட்டாள். ஆபேல் தெருவுக்கெல்லாம் மக்கன் பேடா என்ற இனிப்பைக் கொடுத்தார். வஜீதா காலா இடது கையால் அதை வாங்கிக்கொண்டு, வலது கையை ஜெயசீலியின் தலையில் வைத்தாள். என் நோவெல்லாம் வீண்போகல பாத்தியா என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். ஜெயசீலி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

விசா வேலை இழுத்துக்கொண்டு போனது. மார்கழி வந்து பகல் சுருங்கியது. அன்றும் மத்தியான டூட்டி. அன்றும் தோளில் பை. காலா கூப்பிட்டாள்.

"சீலி, நாள் சின்னதா இருக்குது. வெயிலும் இல்ல. போன ரம்ஜான்ல விட்டுப்போன நோன்பை இப்ப வச்சி முடிச்சிடட்டுமா?"

பழகிய வாக்கியங்கள்தான் முதலில் ஓடி வந்தன. ஜெயசீலி பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். காலாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வைக்கக் கூடாது காலா."

சொல்லிவிட்டு, ஏன் என்றும் சொன்னாள். கிட்னி கெட ஆரம்பித்தவர் உடம்பில் இன்சுலின் சீக்கிரம் வெளியேறாது. ஒருமுறை அவ்வளவு கீழே இறங்கிய சர்க்கரை மறுபடி இறங்கும். அடுத்த தடவை வியர்வை, நடுக்கம் என்று முன்கூட்டித் தெரியாமலே போகலாம். "டாக்டர் கிட்ட நானே கூட்டினு போறேன். அவரும் இதைத்தான் சொல்லுவாரு. ஆனா நீங்க கேட்டது என்னை. நான் சொல்றேன், வேணாம்."

காலா கையை மடியில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தாள். ஏஜென்ட்டின் வண்டி நிற்காமல் தாண்டிப் போனது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வச்சிருக்க மாட்டேன்," என்றாள்.

"தெரியும் காலா."

"ஏன் சொல்லல? நான் ஏதாவது நினைச்சிக்குவேன்னா? உங்க சாமி வேற எங்க சாமி வேறன்னா?"

"ஆமா."

"அட பைத்தியமே. கோவம் வந்திருக்கும். நாலு நாள் உங்கூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதானே." விரல்களைச் சேர்த்துப் பார்த்தாள். சேரவில்லை. "கை இருந்திருக்கும்."

அன்று ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் உங்கள் மேலேயே பழியைத் தள்ளிவிட்டேனே என்று ஜெயசீலி ஆரம்பித்தாள். காலா அதைக் கையால் அமர்த்திவிட்டாள். மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. அந்தப் பேச்சை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்தாள், அவ்வளவுதான். வேறு பேச்சு எடுத்தாள். நோன்பு கூடாதென்றால் ஏழைக்குச் சோறு கொடுத்துத்தான் தீர வேண்டும். இந்தத் தடவை சுஹேல் பள்ளிவாசலில் கட்டி முடிக்கிற வேலை வேண்டாம், நானே ஆக்கிப் போடுகிறேன் என்றாள்.

"ஒரு கையால ஆக்கிடுவேன். தூக்குவாளியைத் தூக்கினு அவ்ளோ தூரம் நடக்க முடியாது. நீ டூட்டிக்குப் போற வழிதானே."

அப்படித்தான் ஜெயசீலி அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு முசல்மான் பெண்ணின் நோன்புக்கு ஈடான சோற்றைச் சுமந்துகொண்டு ஆட்டோவுக்கு நடந்தாள். பள்ளிவாசல் முனையில் அப்துல் சமத் என்ற பெரியவர் உட்கார்ந்திருப்பார். மண்டியில் வேலை செய்தவர், பார்வை போய் யாருமில்லாமல் நின்றவர். ஒவ்வொரு தடவையும் இதைக் கொடுத்தனுப்பினவங்க நோன்பை அல்லா ஏத்துக்கட்டும் என்பார். கொண்டுவந்த உனக்கும் நல்லது செய்யட்டும் என்பார். அந்த இரண்டாவது பாதி தன்னுடையதல்ல என்று அவளுக்குப் படும். சொன்னால் அவருக்குப் புரியாது. பேசாமல் வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வருவாள். விசா வந்தது. டிக்கெட்டை, கொடுக்க வேண்டிய சோறு கொடுத்து முடிந்த பிறகுதான் போட்டாள். அப்பாவிடம் காரணம் சொல்லவில்லை.

சோறு கொடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒரு விடுமுறை நாளன்று காலி வாளியோடு நேரே வீடு திரும்பினாள். காலா வாசலிலேயே காத்திருந்தாள்.

"சாப்ட்டாரா? இன்னா சொன்னாரு?"

நல்லா இருந்துச்சின்னாரு என்ற பொய் வாயில் தயாராக இருந்தது.

"உப்பு கம்மின்னாரு காலா."

காலா ஒரு கணம் முறைத்தாள். இடது கையால போட்டா அளவு தெரியுமா, கண்ணு தெரியாத மனுஷனுக்கு நாக்கைப் பாரு என்று முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினாள். ஜெயசீலி வாளியை அந்தக் கையில் கொடுத்தாள். இடது கைதான்.